மண்ணெண்ணெய்க்கு அறுத்த சேவல்

அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது ஓர் எலுமிச்சம்பழத் தோல். வேனின் கடைசி இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்காரும் சர்மிளா அதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற லெச்சுமி அக்காவின் மகள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை. வாந்தி வருகிற பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார்கள், இவளும் அதற்குத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் மோந்து பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலை வேன் நெருங்கி, நான் கதவைத் திறக்க எழுந்தபோது, அந்தத் தோலால் தன் வெள்ளைச் சட்டையின் கழுத்தைத் தேய்த்தாள். பிறகு கைகளை, பிறகு பின்னலின் நுனியை. கறை போவதற்குத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். சட்டையில் கறை எதுவும் இல்லை. "என்னா பாப்பா பண்ற?" என்று கேட்டேன். "நாத்தம் போறதுக்கு அக்கா. கிளாஸ்ல என்னைய எண்ண லாம்பு, எண்ண லாம்புன்னு கூப்புடுறாங்க. பக்கத்துல ஒக்கார மாட்டேங்குறாங்க" என்றாள். சொல்லிவிட்டு, தோலைப் பையின் ஓரத்தில் பத்திரமாகச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் வெறும் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அம்மா. கலியாணத்துக்கு முதல் நாள் நலுங்கு வைக்கும்போது, சந்தனம் பூசிவிட்டு மாப்பிள்ளைக்குத் தாய் நாலு வார்த்தை புத்தி சொல்வது நம் ஆட்களின் வழக்கம். குவைத்தில் அம்மா வேலை செய்கிற வீட்டில் லீவு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். போனில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது: "எல்லாரும் வந்து பூசுவாங்க, நான் இருக்க மாட்டேன். அம்மா ஸ்தானத்துல நீ நின்னு சொல்லணும் சாமி." எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது என்று அம்மாவுக்குத் தெரியும். "பேச வரலேன்னா எழுதிக் குடு. ஒம்பதாவது வரைக்கும் படிச்சவதானே நீ. நான் என்னா சொல்லுவேன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றது. அம்மா என்ன சொல்லும் என்று தெரியும். பொண்டாட்டியைக் கை நீட்டாதே, குடிக்காதே, அப்பாவைப் பார்த்துக்கொள், வேனைக் கவனமாக ஓட்டு. அதையெல்லாம் இந்த வரியோடு சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மாவின் இடத்தில் நின்று எழுத வேண்டும் என்றால், அம்மா இங்கே இருந்திருந்தால் எதைப் பார்த்திருக்குமோ அதையும் நான் எழுத வேண்டும். கடிதம் நீண்டுபோகும். நடுவில் மடித்து வைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஏன் வேனுக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது பதில் சொல்லாமல் நின்றேன் அல்லவா? அந்தப் பதிலும் இதில் இருக்கிறது.

வேனில் என் வேலை கதவு திறப்பதும் மூடுவதும்தான். சின்னப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவேன், பைகளை அடுக்குவேன், யாராவது வாந்தி எடுத்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். அம்மா வெளிநாடு போனபோது வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு வேன் வந்தது, கதவுக்கும் ஆள் வேண்டும் என்றாயிற்று. ஒவ்வொரு நாளும் புளத்கொகுபிட்டிய டவுன் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போகிறேன், உள்ளே போவதில்லை. அதைப் பற்றி இங்கே முறையிட வரவில்லை. கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பின் இருக்கையில் நடப்பது தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பின் இருக்கைக்கும் பின்னால், சாக்குப் போட்டு மூடி, நீங்கள் வைத்திருக்கிற கேன்கள் எனக்குத் தெரியும். அவை எப்படி வருகின்றன என்பதும் தெரியும், ஏனென்றால் பெட்ரோல் ஷெட்டில் அவற்றைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது நான்தான். மேல் லயத்தில் மழை பெய்தால் கரண்ட் போய்விடும், விறகும் நனைந்துவிடும். அதனால் அங்கே எல்லா வீட்டுக்கும் மண்ணெண்ணெய் வேண்டும். டவுனுக்கு இறங்கி வர அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். "கேனக் குடுங்க அக்கா, நான் வேன்ல கொண்டாந்து தாறேன்" என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். முதலில் அது உதவிதான். பிறகு, "பாதிய எனக்குத் தாங்க, வேன் காசுல கழிச்சிக்குவோம்" என்றீர்கள். அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. அப்போதிருந்து வேன் அந்தப் பாதியில் ஓடுகிறது. ஷெட்காரர் என்னைத் தங்கச்சி முறை வைத்து, "நங்கி, இவ்வளவு லாம்பு ஒங்க லயத்துல எங்க எரியுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கப்படுகிற பிள்ளை என்று அவர் நினைத்துக்கொள்வார். உங்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏன் விலை வித்தியாசம் என்று எனக்கு விளக்கியதே நீங்கள்தான். வேன் வாங்கிய புதிதில், அடுப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொன்னீர்கள். வண்டி ரோட்டைத் தேய்க்கிறது, அதனால் வண்டிக்குப் போடுகிற டீசலில் அரசாங்கம் வரியைச் சேர்த்துவிடுகிறது. வருடத்துக்கு ஒரு தரம் லைசன் எடுக்கிறோமே, அதுவும் ரோட்டில் ஓடுவதற்காகக் கட்டுவது. மண்ணெண்ணெயில் அந்த வரி இல்லை, அடுப்பும் விளக்கும் ரோட்டில் ஓடுவதில்லையே என்றீர்கள். அப்பா அதைக் கேட்டு அன்று முழுக்கச் சிரித்தார். லாம்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகும்போதெல்லாம், "இது ரோட்ல ஓடுது, லைசன் எடுத்துட்டியா மகனே?" என்று உங்களைக் கிண்டல் செய்தார். பிறகு அதே அடுப்படியில்தான் நீங்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கக் கற்றுக்கொண்டு வந்து சொன்னீர்கள். ரம்புக்கனை ரயில் ஸ்டேஷனில் நிற்கிற வேன்காரர்கள் சொல்லித் தந்ததாம். அப்பா அன்று சிரிக்கவில்லை. ரப்பர் வெட்டப் போகிற கத்தியைத் தீட்டிக்கொண்டே, "எஞ்சின் போயிரும்" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு எஞ்சின் கவலை. எனக்கு அப்போது எந்தக் கவலையும் இல்லை.

நீங்கள் சொல்லுகிற நியாயமும் எனக்கு மனப்பாடம். "இந்த ரோட்ட யாரு போட்டா? தோட்டத்துக் கம்பனி போட்டுச்சா, கவர்மெண்டு போட்டுச்சா? நாங்கதானே கல்லு பொறுக்கிப் போட்டோம். நான் எதுக்கு அவனுக்கு வரி கட்டணும்?" தோட்டத்து ரோட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது உண்மை. மேல் லயத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள பாதையில் கம்பனியோ அரசாங்கமோ ஒரு கூடை கல் கொட்டியதில்லை. ஆனால் தார் ரோட்டிலிருந்து டவுன் வரைக்கும் நீங்கள் ஓட்டுவது அரசாங்கம் போட்ட ரோட்டில்தான். போன மழையில் மேட்டு மண் சரிந்து அந்த ரோட்டை மூடியபோது, மெஷின் வந்து அள்ளியது. நீங்களும் மற்ற வேன்காரர்களும் குடை பிடித்துக்கொண்டு நின்று, "இன்னும் எம்புட்டு நேரம் மாத்தயா, புள்ளைங்களுக்கு லேட்டாகுது" என்று மெஷினோடு வந்த ஓவர்சியர் ஐயாவை அவசரப்படுத்தினீர்கள். அப்போது யார் கட்டிய வரி என்று நீங்கள் கேட்கவில்லை. சரி, அதையும் விடுங்கள். நம் ரோட்டுக்குக் கல் பொறுக்கியவர்களில் லெச்சுமி அக்காவும் ஒருத்தி. வயிற்றில் பிள்ளையோடு கூடையில் கல் சுமந்தாள், அந்தப் பிள்ளைதான் சர்மிளா. அரசாங்கம் நம்மை ஏமாற்றியது, நான் அரசாங்கத்தை ஏமாற்றுகிறேன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அரசாங்கம் உங்கள் வேனில் ஏறுவதில்லை. பின் இருக்கையில் ஏறி உட்காருவது சர்மிளா.

ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் வாசம் எனக்குப் பிடிக்கும். நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது, மழை நாளில் ரப்பர் மலைக்குள்ளால் பள்ளிக்கூடம் போவோம். அட்டை ஏறாமல் இருக்க, ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்து என் கணுக்காலில் தேய்த்துவிடுவீர்கள். எரிகிறது என்று நான் காலை இழுத்தால், "அட்டக்கி எரியட்டும்டி, ஒனக்கு எரிஞ்சா பொறுத்துக்க" என்பீர்கள். ஒருமுறை லயம் முழுக்கப் பல நாள் இருட்டாகக் கிடந்தபோது, அம்மா நம் போத்தலில் இருந்த எண்ணெயில் பாதியை லெச்சுமி அக்காவின் போத்தலில் ஊற்றியது. நீங்கள் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கொஞ்சம் உங்கள் விரலில் வழிந்தது. அதைக்கூட வீணாக்காமல் விளக்குத் திரியில் தடவினீர்கள். அந்த விரல்களைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இப்போது நீங்கள் கேனில் விட்ட டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, துப்பி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறீர்கள். துடைத்த கையோடு வந்து சோற்றைப் பிசைகிறீர்கள். உங்கள் சட்டையை நான் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுத் துவைத்தாலும் நாற்றம் போவதில்லை. கொடியில் அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் என் துணியைக் காயப்போட எனக்கு மனம் வருவதில்லை. இனி அதை அண்ணி துவைக்கப் போகிறார்கள். அது என்ன நாற்றம் என்று அவர்கள் கேட்கும்போது, ஷெட்டில் சிந்திவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொய்யை நான் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன், அது நாக்கில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது முனியாண்டி சாமி இருக்கிற அந்த ரோட்டு வளைவை, முனியாண்டி முடக்கைப் பற்றி எழுதுகிறேன். சர்மிளா எப்போதும் அந்த முடக்கில்தான் வாந்தி எடுப்பாள். முன்னாலும் எடுக்க மாட்டாள், பின்னாலும் எடுக்க மாட்டாள். சூலம் நட்ட கல்லுக்கு நேராக வேன் வரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொள்வாள். ஏன் அந்த இடம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடக்குக்கு முன்னால் பாதை செங்குத்தாக ஏறுகிறது. நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். பின் இருக்கைக்குக் கீழே துருப்பிடித்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வருகிறது, மேட்டில் கேன்கள் சாய்ந்து மூடியிலிருந்து கசிகிறது. கண் எரிகிறது. எனக்கே கதவோரத்தில் எரியும்போது அந்த மூலையில் உட்காருகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஆனால் லெச்சுமி அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை முனிக்கு முன்னால் வாந்தி எடுக்கிறது, அதனால் முனி பிடித்துவிட்டார் என்று முடிவு செய்தாள். அந்த முடக்கில் நம் ஆட்கள் யாரும் கும்பிடாமல் கடப்பதில்லை. பிள்ளை ஒருநாள் கும்பிடாமல் கடந்திருக்கும், அதுதான் என்றாள். பூசாரியிடம் கூட்டிப் போய்த் திருநீறு போட்டாள். கறுப்பு நூல் கட்டினாள். நூல் கட்டியும் நிற்கவில்லை என்றதும், பிள்ளைக்கு வாந்தி நின்றால் சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டாள். நீங்கள் அந்த முடக்கில் வேனை நிறுத்தி, அவள் சூடம் கொளுத்தும் வரைக்கும் காத்திருந்தீர்கள். எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தீர்கள். புகை அந்தப் பிள்ளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, தாய் பக்கத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுகூட நான் உங்களுக்காக ஒரு சாக்கு வைத்திருந்தேன். அண்ணனுக்கு இது தோன்றியிருக்காது, ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கிறார், பின்னால் நடப்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சாக்கை நீங்களே என் கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள். அண்ணி வீட்டார் நம் வீடு பார்க்க வந்தபோது நடந்தது அது. ரம்புக்கனை ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றி வர வேண்டும், அவர்கள் இங்கே இருக்கும் வரைக்கும் கோயிலுக்கும் டவுனுக்கும் கூட்டிப் போக வேண்டும். முதல் நாள் நீங்கள் கேன்களை எல்லாம் எடுத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைத்தீர்கள். வேனைத் தூள் போட்டுக் கழுவினீர்கள். ஓட்டையின் மேல் ஒரு தகரத்தை வைத்துத் தட்டினீர்கள். டாங்கியை வடித்துவிட்டு ஷெட்டில் சுத்தமான டீசலை நிரப்பினீர்கள். கண்ணாடியில் மல்லிகை வாசம் வருகிற ஒன்றைத் தொங்கவிட்டீர்கள். "அவுங்க பெரிய எடம். மூக்கப் பொத்திக்கிட்டு எறங்கிப் போனா நமக்கு அவமானம்" என்றீர்கள். அந்த வாரம் பிள்ளைகளும் அதே வேனில், அதே டீசலில்தான் போனார்கள். முடக்கு வந்தது. சர்மிளா ஜன்னலைப் பிடித்தாள். வேன் ஏறியது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அதே கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கையை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

மறுநாளும் வாந்தி இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. லெச்சுமி அக்கா லயம் லயமாகப் போய், "முனி மனசு எறங்கிட்டாரு" என்று சொன்னாள். தீபாவளிக்கு என்று வளர்த்த சேவல் அது. ஞாயிற்றுக்கிழமை அதை மஞ்சள் தண்ணீர் தெளித்து நம் வேனில்தான் முடக்குக்குக் கொண்டுபோனோம். சேவல் சர்மிளாவின் மடியில் உட்கார்ந்து வந்தது. அவள் அதன் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள், இறங்கும்போது அழுதாள். "அழுவக் கூடாது சாமி, முனிக்குக் குடுத்தா குடுத்ததுதான்" என்று லெச்சுமி அக்கா சமாதானம் சொன்னாள். பூசாரி அறுத்தார். அங்கேயே கல் கூட்டிச் சமைத்தார்கள். லெச்சுமி அக்கா வாழையிலையில் முதல் பங்கை உங்களுக்கு நீட்டி, "டிரைவர் தம்பி, ஒங்க வேன் பட்ட பாட்டுக்கு இந்தத் தொட ஒங்களுக்குத்தான்" என்றாள். நீங்கள் வாங்கினீர்கள். கடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "முனி பெரிய ஆளு அக்கா. அவருகிட்ட வச்சா வீண் போகாது." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நீங்கள் எலும்பைச் சப்பித் தூரப் போட்டீர்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கறியில் எண்ணெய் வாடை அடிப்பதுபோல் இருந்தது. அதில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தும் அடித்தது. நான் மரத்துக்குப் பின்னால் போய் இலையை மடித்து நாய்க்கு வைத்தேன். அண்ணா, டீசலில் நீங்கள் செய்வது களவு என்று மட்டும் இருந்திருந்தால், எல்லா வேன்காரரும் செய்கிறார்கள் என்று நானும் வாயை மூடிக்கொண்டு கேன் தூக்கியிருப்பேன். அந்தத் தொடைதான் என்னால் தாங்க முடியாதது. தெரிந்துகொண்டு சாப்பிட்டீர்கள்.

திங்கட்கிழமை விடிகாலையில் விருந்தாளிகள் போய்விட்டார்கள். கேன்கள் சாக்குக்குக் கீழே திரும்ப வந்தன. தகரம் ஆடி விழுந்திருந்தது, நீங்கள் அதை எடுத்து வைக்கவில்லை. முடக்கில் சர்மிளா தன் காலில் போட்டிருந்த சப்பாத்தின் மேலேயே வாந்தி எடுத்தாள். நான் கழுவிவிட்டேன். அவள் அழவில்லை, எலுமிச்சம்பழத் தோலை எடுத்துச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் மேல் லயத்தில் அவளை இறக்கிவிட்டபோது லெச்சுமி அக்கா விஷயத்தைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "சேவலும் குடுத்தாச்சு. இதுக்கு மேல நான் என்னா குடுக்குறது? இந்தப் புள்ள படிக்க வேணான்னு சாமி சொல்லுது போல. நாளையில இருந்து அனுப்பல. வீட்டுல இருக்கட்டும், ஒன்னைய மாதிரி சோறு கறி ஆக்கப் பழகட்டும்." என்னைக் குத்துவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று மெச்சித்தான் சொன்னாள். சர்மிளா உள்ளே நின்று பையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று நான் உங்களிடம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். என் வாழ்க்கையில் உங்களை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு. நீங்கள் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணே, சர்மிளாவ நிப்பாட்டிட்டாங்க" என்றேன்.

"நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். வேன் கழுவுற வேல மிச்சம்."

"அது முனி இல்லண்ணே. நம்ம எண்ண வாடதான். ஒங்களுக்கும் தெரியும்."

"அடேங்கப்பா, ஊமைக்கு வாயி மொளச்சிருச்சு!" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்பா சிரிக்கவில்லை. "கொழும்புக்கு ஓடுற பஸ்ஸே இதுலதான் ஓடுது. அங்க யாரும் வாந்தி எடுக்கல. இந்த மகாராணிக்குத்தான் வருதாம்."

"நீங்க லெச்சுமி அக்காகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். அவுங்க புள்ளய அனுப்புவாங்க."

"சொல்லிட்டு? எல்லாரும் கேனத் திருப்பிக் கேப்பாளுக. அப்பறம் ஒங்கப்பன் வீட்டு டீசல்லயா வேன் ஓடும்?" என்றீர்கள். ஒங்கப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தீர்கள். "சாமி விஷயத்துல வாயக் குடுக்காத. கலியாண வீடு. அபசகுனமா எதுவும் பேசாத."

அம்மாவின் இடத்தில் நின்று சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் கெட்டவர் இல்லை என்று அம்மா நினைக்கிறது, நானும் நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் உங்களுக்கும் பிள்ளை பிறக்கும். அதை வேனில் ஏற்றும்போது எந்த இருக்கையில் உட்கார வைப்பீர்கள்? உங்கள் கை தானாகவே முன் இருக்கையைத் தட்டிக் காட்டும். அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். அண்ணி வீட்டாருக்காக ஒரு வாரம் டீசல் போட உங்களால் முடிந்தது. அவர்கள் மூக்கைப் பொத்தினால் உங்களுக்கு அவமானம். ஒரு சின்னப் பிள்ளை தன் உடம்பு நாறுகிறது என்று நம்பிக்கொண்டு சட்டையைத் தேய்க்கிறது, அது உங்களுக்கு அவமானமாகத் தெரியவில்லை. இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணி கேட்காமலே அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கேனைத் தூக்க அவர்களை ஷெட்டுக்கு அனுப்பாதீர்கள், நானும் இனிப் போக மாட்டேன். வேன் காசு கூட்டினால்தான் டீசல் போட முடியும் என்றால், பிள்ளைகளின் வீடுகளில் போய் அதை வாய் திறந்து கேளுங்கள். சிலர் தருவார்கள். சிலர் ஏசுவார்கள். அந்த ஏச்சை நின்று வாங்கிக்கொள்ளுங்கள். சந்தனம் பூசிய நெற்றியோடு முனிக்கு முன்னால் போய்க் கும்பிடப் போகிறீர்கள். கலியாணத்தன்று மாப்பிள்ளை வேன் அந்த முடக்கில் நிற்காமல் போகாது. அங்கே இறங்குவதற்கு முன்னால் எஞ்சினை நிறுத்துங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் குளிக்கப் போன நேரம் நான் வேனின் பின் கதவைத் திறந்தேன். கேன்களில் ஒன்றின் கழுத்தில் நீலத் துணி கட்டியிருந்தது. அது லெச்சுமி அக்காவின் கேன். அவளுடைய பழைய சேலையிலிருந்து கிழித்து, மாறிப்போகாமல் இருக்க அவளே கட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கேனைப் படியில் வைத்தேன்.

"என்னா புள்ள, காலங்காத்தால? பாதி எண்ணதானே தருவாங்க, இது கனமா இருக்கு?"

"முழுசும் இருக்குக்கா. மோந்து பாருங்க. மூடியத் தெறந்து மோந்து பாருங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குனிந்து மூடியைத் திறந்தாள். நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுவில் அடுப்பில் ரொட்டி கருகியது, அவள் எடுக்கவில்லை. ஓட்டையைச் சொன்னேன், கேனைச் சொன்னேன், விருந்தாளிகள் வந்த வாரத்தைச் சொன்னேன்.

"என் கேனா?" என்றாள். "என் புள்ளைக்குப் பின்னால இருந்தது என் கேனா?"

"ஒங்களுதும் இருந்துச்சுக்கா."

"அப்ப முனி ஒண்ணும் செய்யலையா?"

"இல்லக்கா."

கேனின் மூடியைத் திருகி மூடிக்கொண்டே கேட்டாள்: "அப்ப சேவலு?"

"சேவலு எங்கண்ணே தின்னதுதான்க்கா."

அவள் வாசலுக்கு வந்து கீழே நம் வீட்டுப் பக்கமாகப் பார்த்துக் காறித் துப்பினாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏய் சர்மிளா, எந்திரி! மூஞ்சக் கழுவு!" என்று கத்தினாள். பிள்ளை ஏற்கனவே எழுந்து யூனிபோர்மைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தது. கையில் எலுமிச்சம்பழத் தோல் இருந்தது. கீழே நீங்கள் வேனை ஸ்டார்ட் செய்து ஹோர்ன் அடிப்பது கேட்டது, திரும்பத் திரும்ப அடித்தீர்கள். நான் அந்தத் தோலை வாங்கிப் படியில் வைத்தேன். அவளுடைய பையை என் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, ரப்பர் மலைக்குள்ளால் போகிற குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன்.